எத்தனை த்ரெட் போதும்?

ஒரு கண்டெய்னரை நிறுத்தச் சொன்னால், வேலையை முடித்துக்கொள்ளும்படி டாக்கர் அதற்கு முதலில் ஒரு சிக்னல் அனுப்பும். கேட்காவிட்டால் 10 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொன்றுவிடும். இப்படிச் சொல் பேச்சு கேட்காத 30 கண்டெய்னர்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் ஐந்து நிமிடம் போய்விடும். அவ்வளவு நேரமும் நம் புரோகிராம் சும்மா காத்துக்கொண்டிருக்கும். இந்தச் சும்மா இருக்கும் நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் த்ரெட் பூல்.

அரக்கோணத்தில் ரயில்வே வீட்டில் வளர்ந்தவனுக்கு இது உடனே பிடிபடும். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட பாதையில் இருந்த எங்கள் ஊர், பின்னர் வடக்கே திருத்தணி வழியாக ரேணிகுண்டாவுக்கும் தெற்கே செங்கல்பட்டுக்கும் பாதை பிரிந்து ஜங்ஷன் ஆனது. அப்பா கூட்ஸ் டிரைவர். இதுதான் அவர் வண்டி என்று எதுவும் கிடையாது. நடுராத்திரியில் கால் பாய் சைக்கிளில் வந்து கதவைத் தட்டுவார், நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்குவார். எந்த வண்டி புறப்படத் தயாரோ அதில் அப்பா ஏறுவார். இருக்கிற டிரைவர்களை வைத்துத்தான் எல்லா வண்டியும் ஓடியாக வேண்டும். த்ரெட் பூலும் இப்படித்தான்: டிரைவர்கள் இடத்தில் த்ரெட்கள், வண்டிகள் இடத்தில் வேலைகள்.

புரோகிராம் எழுதுகிறவர்களிடம் இந்த ஏற்பாடு பரவலாகப் புழங்க ஆரம்பித்தது 2004-ல், ஜாவா 5 வந்த பிறகு. டக் லீ அதற்கு முன்பே எழுதி வைத்திருந்த லைப்ரரிதான் அதற்கு அடிப்படை. அதைப் பின்பற்றி பிரையன் குயின்லன் பைத்தானுக்கு ஒரு வடிவம் முன்வைத்தார். 2011 பிப்ரவரியில் வெளிவந்த பைத்தான் 3.2-ல் 'த்ரெட்பூல்எக்ஸிக்யூட்டர்' சேர்ந்தது. டாக்கர் வெளியுலகுக்கு வந்ததே 2013-ல். கண்டெய்னர்களை மேய்க்கும் கோல் அதற்கு முன்பே தயாராக இருந்தது.

பைத்தானில் ஒரு சமயத்தில் ஒரு த்ரெட்தானே ஓடும், பிறகு பூல் எதற்கு என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஓடுகிற த்ரெட்டின் கையில்தான் பைத்தானின் பூட்டு இருக்கும். ஆனால் பின்னணியில் இருந்து கண்டெய்னர்களை நடத்தும் டாக்கர் டீமனுக்குக் கட்டளை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் த்ரெட், அந்தப் பூட்டை விட்டுவிடுகிறது. அடுத்த த்ரெட் அதை எடுத்துக்கொண்டு ஓடும். கண்டெய்னர் வேலையில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான்.

வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பூலின் அருமை அது போடும் வரம்பில்தான் இருக்கிறது என்பேன். எண்ணிக்கை சொல்லாமல் விட்டால் பைத்தான் 3.5, கோர் எண்ணிக்கையைப் போல் ஐந்து மடங்கு வரை த்ரெட் எடுத்துக்கொள்ளும். 64 கோர் சர்வரில் 320. எதிரே இருப்பதோ ஒரே டீமன், பெரும்பாலும் ஒரே டிஸ்க். 2019-ல் வந்த 3.8-ல் அதை 32-க்கு மேல் போகாதபடி குறைத்தார்கள். டாக்கர் கம்போஸின் முதல் தலைமுறையும் ஒரே சமயத்தில் 64 வேலை என்று வரம்பு வைத்திருந்தது.

ஆகவே எண்ணிக்கையை நீங்களே எழுதுங்கள். எட்டில் தொடங்கி, டீமன் தாங்குகிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். வேலையைப் பூலிடம் கொடுக்கும்போது அது திருப்பித் தரும் ஒவ்வொரு ஃபியூச்சரிடமும் மறக்காமல் ரிசல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால், உள்ளே ஒரு கண்டெய்னர் நிற்காமல் போன பிழை உங்கள் காதுக்கு வராது.