யேமன்: பங்கிடப்பட்ட பதவிகள், நடக்காத தேர்தல்

உள்நாட்டு மோதலில் ஈடுபட்ட தரப்புகளை, தேர்தல் நடக்கும்வரை ஒரே அரசில் அமர்த்துவது இடைக்கால அதிகாரப் பகிர்வு எனப்படுகிறது. வளைகுடா நாடுகளின் மத்தியஸ்தத்தில் இம்முறை மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்ட நாடு யேமன்.

முதல் உடன்பாடு

1978 முதல் ஆட்சியிலிருந்த அலி அப்துல்லா சாலே, மக்கள் எழுச்சியைத் தொடர்ந்து 2011 நவம்பர் 23 அன்று, வளைகுடா ஒத்துழைப்பு கவுன்சிலின் திட்டத்தில் ரியாத்தில் கையெழுத்திட்டார். பதவி விலகுவதற்கு ஈடாக வழக்குகளிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அமைச்சர் பதவிகள் ஆளும் கட்சிக்கும் எதிரணிக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டன. 2012 பிப்ரவரி தேர்தலில் துணை அதிபர் ஹாதி மட்டுமே வேட்பாளர்.

2013 மார்ச்சில் தொடங்கிய தேசிய உரையாடல் மாநாட்டில் 565 பேர் பங்கேற்றனர். ஆனால் நாட்டை ஆறு பிராந்தியங்களாகப் பிரிக்கும் திட்டத்தை ஹூத்திகள் ஏற்கவில்லை. இராணுவத்தில் சாலேயின் செல்வாக்கும் நீடித்தது. அவருக்கு விசுவாசமான படையினரின் துணையோடு 2014 செப்டம்பரில் ஹூத்திகள் தலைநகர் சனாவைக் கைப்பற்றினர். 2015 மார்ச்சில், ஐக்கிய அரபு எமிரேட்ஸும் இடம்பெற்ற சவூதி தலைமையிலான கூட்டணி தாக்குதலைத் தொடங்கியது.

இரண்டாவது முயற்சி

ஹாதி அரசும், எமிரேட்ஸ் ஆதரவு பெற்ற தென்பகுதி இடைக்கால சபையும் ஏடனில் மோதிக்கொண்ட பின், 2019 நவம்பர் 5 அன்று மீண்டும் ரியாத்தில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. வடக்கும் தெற்கும் சமமாக இடம்பெறும் அமைச்சரவை 2020 டிசம்பரில் உருவானது. படைகளை அரசின் கீழ் கொண்டுவரும் பிரிவுகளோ பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றன. 2022 ஏப்ரல் 7 அன்று ஹாதி தனது அதிகாரங்களை எட்டுப் பேர் கொண்ட தலைமைக் கவுன்சிலிடம் ஒப்படைத்தார். அவர்களில் பலருக்குத் தனித்தனிப் படைகள் இருந்தன. 2025 டிசம்பரில் தென்பகுதி சபையின் படைகள் ஹத்ரமௌத்துக்குள் முன்னேறியபோது, கவுன்சிலின் உட்பூசல் போர்க்களத்துக்கு வந்தது.

லெபனானின் அனுபவம்

சவூதியின் தாயிஃப் நகரில் 1989இல் உருவான லெபனான் உடன்பாட்டின்படி, நாடாளுமன்றத்தில் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சம இடங்கள் வழங்கப்பட்டன. ஹிஸ்புல்லா நீங்கலாகப் பெரும்பாலான ஆயுதக் குழுக்கள் 1991இல் கலைக்கப்பட்டன. சிரியப் படைகளின் பிடியில்தான் என்றாலும், அடுத்த ஆண்டே தேர்தல் நடந்தது.

யேமனில் பதவிகள் பகிரப்பட்டன, படைகள் ஒன்றாகவில்லை. அங்கு கடைசியாக நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது 2003 ஏப்ரலில். அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் வாக்களிக்கும் வயதை எட்டி ஆண்டுகள் பல கடந்துவிட்டன; தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மட்டும் அவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.