வேடன் வில்லும் கொல்லன் உலையும்

அக்கராயன் குளத்தைச் சூழ்ந்த வன்னிக் காடு போன்ற இலங்கைக் காடுகளிலே, முன்னாளில் வேடன் தன் வில்லை எத்துணைக் காலம் பேணினான்? வில்லுக்கு வேண்டுவன மரக்கொம்பும் பட்டைநாருமே. முறிந்தால் காடே மற்றொன்றை ஈந்தது. அம்பின் இரும்பு அலகையோ கொல்லனே தரவேண்டும்.

கண்டியரசில் சிறையிருந்து, 1679-இல் வன்னியின் தென்புறத்து அருவியாற்று வழியே தப்பிய ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ், 1681-இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி கூறுகிறார். வேடர் இரவிலே இறைச்சியையும், அம்பலகின் வடிவாக நறுக்கிய இலையையும் கொல்லன் பட்டறையில் வைத்துச் செல்வர். அவ்வாறே செய்தளித்தவனுக்கு மேலும் இறைச்சி கிட்டும். மறுத்தவன் இருளில் அம்புக்கு இலக்காவான்.

நீண்ட அலகுடைய அம்புகள் வழிவழியாகக் காக்கப்பட்டுச் சடங்குகளில் இடம்பெற்றமையை, செலிக்மன் தம்பதியர் 1911-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது.

ஆகவே, வேடன் போற்றிக் காத்தது எளிதிற் கிடைத்த வில்லை அன்று; அரிதிற் பெற்ற இரும்பையே.