ஊசிக்கு வழிகாட்டும் வெளிச்சம்

நமுனுகுல மலையடியில், எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் அப்பா உதவியாளர். நெஞ்சில் நீர் கட்டியவர்களைப் பதுளை ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே டாக்டர் முதுகை விரலால் தட்டுவாராம். சத்தம் மந்தமாகும் இடத்தில் ஊசி இறங்குமாம். விரலும் காதும்தான் அன்றைக்கு வழிகாட்டி. அந்தக் கைகளுக்கு இன்றும் நான் கும்பிடு போடுவேன்.

1895இல் எக்ஸ்ரே வந்தது. மறு வருடமே பர்மிங்ஹாமில் ஜோன் ஹால் எட்வர்ட்ஸ், ஒருவரின் கைக்குள் ஏறியிருந்த ஊசியைப் படமெடுத்துக் காட்டினார். 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், சில வருடங்களில் அதைப் பார்த்தே ஈரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் ஊசியால் சதைத் துணுக்கு எடுக்கத் தொடங்கினார்கள்.

ஸ்கேன் ஆழத்தையும் கோணத்தையும் சொல்லிவிடும், கைதான் சரியும். அதற்காகத்தான் லேசர். ஸ்கேன் சொன்ன கோணத்தில் அதைத் திருப்பினால் சிவப்புப் புள்ளி தோலில் விழும். ஊசி நுனியை அங்கே வைத்து, புள்ளி ஊசியின் பின்தலையில் விழும்படி நிமிர்த்தினால் கோணம் சரி. ஊசி இறங்கி முடியும்வரை புள்ளி அங்கேயே நிற்க வேண்டும்.

ஆனால் லேசருக்கு உள்ளே தெரியாது. ஸ்கேனின்போது பிடித்த அதே அளவு மூச்சை நோயாளி மறுபடி பிடிக்காவிட்டால் கட்டி விலகிப்போகும். கொழுந்தெடுக்கும் நம் பெண்களுக்கு அதைத் தமிழில் சொல்லி, முன்கூட்டியே பழக்கிவிடுங்கள் என்று ஸ்கேன் அறையில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.