தெரிவுப்பெட்டி: சின்னச் சதுரம், பெரிய பொறுப்பு

காணாமலாக்கப்பட்டோரின் உறவுகளிடம் விபரம் திரட்டும் கைத்தொலைபேசிச் செயலிகளில் நான் முதலில் கவனிப்பது தெரிவுப்பெட்டிகளைத்தான்.

பயன்பாடு: பல விடைகள் பொருந்தினால் சதுரப்பெட்டி, ஒன்றே பொருந்தினால் வட்டப் பொத்தான். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரே புள்ளடி, விருப்பு வாக்கு மூன்று வரை என்பதைப் போல.

சேர்த்தல்: ஃபிளட்டரில் 'செக்பொக்ஸ் லிஸ்ட் டைல்' என்ற கூறு பெட்டியையும் எழுத்தையும் ஒரே வரியாக்கும். வரியில் எங்கு தொட்டாலும் சரி விழும். முதியவர்களுக்கு இது பெரிய உதவி.

வடிவம்: தொடும் பரப்பு அன்ட்ரொயிட்டில் குறைந்தது 48 டிபி, ஐபோனில் 44 புள்ளிகள். பெட்டிக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 3:1 ஆவது வேண்டும். நீளமான தமிழ்ச் சொற்களை வெட்டாமல் அடுத்த வரிக்கு மடியவிடுங்கள்.

வெறும் பெட்டி: அது 'இல்லை' என்றும் பொருள்படும், 'பதில் சொல்லவில்லை' என்றும் பொருள்படும். 'இறந்துவிட்டார்' என ஒரே பெட்டி வைத்தால் மகனைத் தேடும் தாய்க்கு அங்கே விடையில்லை. 'உயிருடன் உள்ளார்', 'இறந்துவிட்டார்', 'காணாமலாக்கப்பட்டார்', 'சொல்ல விரும்பவில்லை' என நான்கு வட்டப் பொத்தான்கள் வையுங்கள். இலங்கைச் சட்டமே 2016 இல் காணாமற்போனவருக்கெனத் தனிச் சான்றிதழை ஏற்படுத்தியது.

சம்மதம்: முன்கூட்டியே சரி போட்ட பெட்டி சம்மதமாகாது என 2019 ஒக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெட்டியை வெறுமையாக விடுங்கள். விபரத்தை யார் பார்ப்பார்கள் என்பதை அதன் அருகிலேயே எழுதுங்கள்.