ஹெட்போனும் ஏணியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் நள்ளிரவில் கரண்ட் போனால், அந்தப் புகார் இருவர் கையில் விழுகிறது. ஒருவர் சென்னை அண்ணா சாலையில், மின்வாரியத் தலைமையகத்தில் 2021 ஜூன் மாதம் தொடங்கிய ‘மின்னகம்’ சேவை மையத்தில் ஹெட்போனோடு இருப்பவர். மற்றவர் செக்‌ஷன் ஆபீஸ் லைன்மேன். ஒரே நுகர்வோர்தான், ஆனால் ‘என்னால் முடியும்’ என்ற தெம்பு இருவருக்கும் ஒரே அளவில் ஊறுவதில்லை.

அந்தத் தெம்புக்கு உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா 1977இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றில் முதலாவதற்கே வலு அதிகம் என்பது அவர் கருத்து.

லைன்மேனுக்கு அந்த முதல் ஊற்று வற்றுவதேயில்லை. ஃபியூஸ் போட்டதும் தெருவில் விளக்கு எரிகிறது. வேலை முடிந்ததா என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டாம். கீழே ஏணியைப் பிடித்து நிற்கும் புதியவர் பார்த்தே பழகிவிடுகிறார். லைன்மேனைத் தளர்த்துவது நான்காவது ஊற்று: மழையில் நனைந்த கம்பம், ஆள் பற்றாக்குறை, உலையில் இரும்பு உருகிக் கிடக்க நிமிடத்துக்கொரு முறை போன் செய்யும் ஆலைக்காரர்.

மின்னகத்தில் இருப்பவர் கையில் பணிவு இருக்கிறது, பழுது இல்லை. புகாரைப் பதிந்து செக்‌ஷனுக்கு அனுப்பியதும் அடுத்த அழைப்பு வந்துவிடுகிறது. விளக்கு எரிந்ததை அவர் பார்ப்பதில்லை. எரியாவிட்டால் மட்டும், வேறொருவர் பதிந்த புகாருக்கான வசவும் அவர் காதில் விழும். கோபத்தை விழுங்கிக் கனிவாகப் பேசுவதே ஓர் உழைப்பு என்று சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்டு 1983இல் எழுதினார். எத்தனை அழைப்பு எடுத்தார் என்ற கணக்கு மேலாளருக்குத் திறமையாகத் தெரியலாம். எடுத்தவருக்கு அது வெறும் எண்ணிக்கை.

இத்தகைய மையங்களில் பொதுவாக நடப்பது பேச்சுப் பயிற்சிதான். செலவு குறைவு பாருங்கள். ஆனால் அது மூன்றாவது, வலு குறைந்த ஊற்று. எந்த ஃபீடர் போனது, ஆள் கிளம்பிவிட்டாரா என்ற தகவல் திரையில் தெரிவது அதைவிடப் பயன்படும். ஷிப்டில் பத்து நிமிடம் ஒதுக்கி, பதிந்தவரே திரும்ப அழைத்து “கரண்ட் வந்துடுச்சா சார்?” என்று கேட்க விடலாம். லைன்மேனுக்கு அந்தப் பத்து நிமிடம் வேண்டாம். அவருக்கு வேண்டியது இன்னொரு ஆளும் கிழியாத கையுறையும்.