ஒரு கூரையின் கீழ் ஓராண்டு

கல்வி வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் சட்டங்களையும் கட்டடங்களையும் பற்றியே எழுதுவர். ஒரு கூரையின் கீழ் உண்டும் உறங்கியும் கற்ற மனிதரின் கூட்டுவாழ்வு அவர்கள் கண்ணிற் படுவது குறைவு. ஆயினும், ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளை எத்தகையோராக ஆக்க எண்ணியது என்பதை வகுப்பறையிலும் பார்க்க விடுதியின் சாப்பாட்டு மண்டபமே தெளிவாகக் காட்டும். இவ்வகையில், 1952 ஒக்டோபரில் தொடங்கிய பேராதனையின் முதலாண்டு நாம் ஊன்றி நோக்கவேண்டியதாகும்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பிலே 904 மாணவருடன் தொடங்கிற்று. அதனை எங்கே நிலையாக நிறுவுவது என்னும் வாதம் அதற்கு முன்னரே நாட்டின் படித்தோரை இரு கட்சிகளாகப் பிரித்திருந்தது. கொழும்பே தக்க இடம் என்றனர் ஒரு சாரார். நகரின் இரைச்சலுக்கு அப்பால், ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே உறையும் பல்கலைக்கழகம் வேண்டும் என்றனர் மறு சாரார். பின்னவர் கட்சியே வென்றது. கேம்பிரிட்ஜிற் கற்றவரான முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் அக்கருத்துக்கு உருவம் கொடுத்தார். ஹந்தானை மலைச்சாரலில், மகாவலியின் அருகே விடுதிகள் எழுந்தன. அருணாசலம், ஜயதிலக, ஜேம்ஸ் பீரிஸ் என அவற்றுக்கு இட்ட பெயர்களே ஒரு வரலாறு. அரசியற் சீர்திருத்தம் கோரிய கனவான்களின் பெயர்கள் அவை. அவ்விடுதிகளில் உருவாகவேண்டியவரும் கனவான்களே என்பது மறைமுகமான நோக்கம்.

அதற்கேற்பவே வாழ்வும் ஒழுங்கு செய்யப்பட்டது. ஒவ்வொரு விடுதிக்கும் பொறுப்பாளராக ஆசிரியர் ஒருவர் இருந்தார். உணவு வேளைக்கும் இரவில் விடுதி திரும்பும் வேளைக்கும் விதிகள் இருந்தன. போதனாமொழி ஆங்கிலம். மேசையிலே கரண்டியும் முள்ளும் ஏந்தி உண்பதும் ஒருவகைப் பாடமாகவே கருதப்பட்டது.

ஆனால், அந்த மேசைக்கு வந்தவர் எல்லோரும் கனவான்களின் மக்களல்லர். கன்னங்கரவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், கிராமப்புறங்களில் எழுந்த மத்திய கல்லூரிகளும் புதியதொரு மாணவர் கூட்டத்தை உருவாக்கத் தொடங்கியிருந்தன. விவசாயியின் மகனும் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியரின் மகளும் கொழும்புச் செல்வரின் பிள்ளைகளோடு உடனுறைந்தனர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் ஆகியோர் ஒரே மேசையில் உண்டனர்.

இதனைச் சிறு செய்தியென்று நாம் தள்ளிவிடலாகாது. பள்ளிக்கூடங்களில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குச் சமாசனம் வழங்கவேண்டும் என்று அரசு பணித்தபோது, 1930ஐ ஒட்டிய காலத்தில் யாழ்ப்பாணத்திலே பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. 1952இலும் அங்கே பல கோயில்களின் கதவுகளும் தேநீர்க் கடைகளின் கதவுகளும் அம்மக்களுக்கு மூடியே கிடந்தன. அத்தகைய சமூகத்திலிருந்து வந்த ஒருவன், பக்கத்தில் இருப்பவன் யாரென்று வினவாமல் உண்ணப் பழகுவது பெரியதொரு பயிற்சி. பெற்றோரின் காவலை விட்டகன்று, சங்கமித்தை, ஹில்டா ஒபயசேகர விடுதிகளில் வாழத் தொடங்கிய பெண்களுக்கும் அது புதியதோர் உலகம்.

எனினும் அக்கூட்டுவாழ்வின் எல்லை எது? பல்கலைக்கழகம் எழுந்த நிலம் முன்னர் பெருந்தோட்டமாக இருந்தது. சுற்றியிருந்த மலைகளில் தொழிலாளர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் அவர்களுட் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு லயத்துப் பள்ளிக்கூடத்துக்கு அப்பால் வழியில்லை. விடுதிச் சாளரத்திலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்திலிருந்தும், அவர்கள் அந்த மேசைக்கு அழைக்கப்படாதவர்கள்.

மறு ஆண்டு நாடு முழுவதுமே உணவுப் பிரச்சினையால் கொந்தளித்தது. 1953இல் டட்லி சேனநாயக்க அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திற்று. பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்திற்று. ஓகஸ்ட் 12ஆந் திகதி இடதுசாரிகளின் அழைப்பை ஏற்றுத் தொழிலாளரும் விவசாயிகளும் ஹர்த்தாலில் இறங்கினர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. ஒக்டோபரில் பிரதமர் பதவி துறந்தார். உணவு மணி தவறாமல் ஒலித்த விடுதியிலிருந்த கிராமத்து மாணவனுக்குத் தன் வீட்டு அடுப்பின் நினைவு வராமலா இருந்திருக்கும்? தான் உண்பது யாருடைய உழைப்பு என்னும் கேள்வியை நூலகத்திலும் பார்க்க அவ்வாண்டின் நாட்டுநடப்பே கூர்மையாக எழுப்பியது.

அக்கேள்விக்கு விடை உடனே கிடைக்கவில்லை. 1954 ஏப்ரலில் எடின்பரோக் கோமகன் பல்கலைக்கழகத்தை முறைப்படி திறந்துவைத்தபோதும் அது ஆங்கிலம் கற்றோரின் கோட்டையாகவே இருந்தது. 1960இல் கலைத்துறை சிங்களத்துக்கும் தமிழுக்கும் திறக்கப்பட்ட பின்னரே கிராமம் பெருந்தொகையாக உள்ளே வந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவரைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்தை மேடையேற்றினார். 1962இல் அரங்கேறிய ‘கர்ணன் போர்’ அவற்றுள் ஒன்று. பாமரரின் கலையென்று படித்தோர் ஒதுக்கிய கூத்து, படித்தோரின் மண்டபத்திலேயே தலைநிமிர்ந்து நின்றது. சரச்சந்திர 1956இலேயே சிங்களத்தில் ‘மனமே’யை ஆக்கியிருந்தார். அவர் எடுத்தாண்ட நாடகம மரபும் தமிழ்க் கூத்தோடு உறவுடையதே.

இதில் இழப்பும் உண்டு. ஒரே விடுதியில் உறங்கியோர் காலையில் வெவ்வேறு மொழி வகுப்புகளுக்குச் சென்றனர். ஆங்கிலம் அகன்ற இடத்தில், ஒருவர் மொழியை மற்றவர் கற்கும் ஏற்பாடு வரவில்லை. ஒரே மேசையில் இருந்தும் பேச்சற்றிருக்கும் நிலைக்கு அது வித்திட்டது. குறை தாய்மொழிக் கல்வியினுடையதன்று. ஆங்கிலத்தை நீக்கியோர் இரு மொழியாருக்கும் இடையே பாலமொன்று அமைக்கத் தவறினர் என்பதே குறை.

ஆகவே, அம்முதலாண்டை ஏக்கத்தோடு போற்றுவதும் வெறுப்போடு ஒதுக்குவதும் சரியாகா. கனவான்களை ஆக்கக் கட்டிய வீட்டிலே சமபோசனத்தைப் பழகிய மாணவர் தலைமுறை அது. அம்மேசையை வெளியிலிருந்தோருக்கும் நீட்டும் கடமையை அது பின்வந்தோரிடம் விட்டுச் சென்றது. இன்று விடுதிகளில் உறையும் மாணவரும் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியரும் அக்கடமையில் எவ்வளவு நிறைவேறியுள்ளது என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.