கொமெட் பறந்த வானமும் கண்டிச் சீமையும்

உலகின் முதலாவது ஜெட் பயணிகள் சேவை 1952 மே 2 ஆம் திகதி இலண்டனிலிருந்து ஜொகன்னஸ்பேர்க்குக்குத் தொடங்கியது. பறந்தது டி ஹவிலண்ட் நிறுவனத்தின் கொமெட். அதனை இயக்கியது பி.ஓ.ஏ.சி. என்ற பிரித்தானிய அரச விமான நிறுவனம். அதற்கு அடுத்த ஜெட் வழித்தடம் எது தெரியுமா? நமது கொழும்புதான்! அதே ஆண்டு ஓகஸ்ட் 11 இல் ரோம், பெய்ரூட், பஹ்ரேன், கராச்சி, பம்பாய் வழியாகக் கொழும்புச் சேவை ஆரம்பமாயிற்று. அமெரிக்காவின் போயிங் 707 சேவைக்கு வர இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் தேயிலை பயிரிட்ட நாள் முதல், மலைநாட்டையும் இலண்டனையும் இணைத்தது கடல்வழியே. விடுமுறைக்குத் தாயகம் செல்லும் தோட்டத்துரைமார் வாரக்கணக்கில் கப்பலில் கழித்தனர். முப்பத்தாறு பேரே அமரக்கூடிய கொமெட், அந்தத் தூரத்தை ஒரு நாள் அளவுக்குச் சுருக்கியது.

ஆனால் அப்பெருமை நீடிக்கவில்லை. 1953 மே 2 இல் கல்கத்தா அருகே புயலில் சிக்கிய கொமெட் நொறுங்கி 43 பேர் மாண்டனர். 1954 ஜனவரி 10 இல் எல்பாத் தீவருகே 35 பேரும், ஏப்ரல் 8 இல் நேப்பிள்ஸ் அருகே 21 பேரும் கடலில் மடிந்தனர். இரண்டு நாள்களின் பின் எலிசபெத் மகாராணியார் கொதிக் கப்பலில் கொழும்பு வந்திறங்கினார். கண்டியில் அவருக்காகப் பெரஹரா நடந்தது. ஏப்ரல் 20 இல் பேராதனைப் பல்கலைக்கழகம் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. கண்டி விழாக்கோலம் பூண்டிருந்த அந்நாள்களில், பிரித்தானியாவின் பெருமைக்குரிய விமானம் பறக்கும் அனுமதியை இழந்து தரையில் நின்றது. பார்ன்பரோவில் விமான உடலை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி அழுத்தத்தை ஏற்றியிறக்கிச் சோதித்தபோது, உலோகம் களைத்துப் பிளப்பதே காரணம் எனத் தெரிந்தது.

திருத்தியமைத்த கொமெட் 4 1958 இல் வந்தது. 1962 இல் பி.ஓ.ஏ.சி.யிடமிருந்து அதனைப் பெற்று எயார் சிலோன் பறந்தது. 1965 இல் வி.சி. 10 அதன் இடத்தைப் பிடித்தது. ஆபிரிக்க, ஆசிய நகரங்களின் வெப்பத்திலும் குறுகிய ஓடுபாதைகளிலும் எழும்பத்தக்கவாறு, வாற்பகுதியில் நான்கு இயந்திரங்களைப் பொருத்தி அமைத்த விமானம் அது. 1969 இல் எயார் சிலோன் ஒரு ட்ரைடென்ட்டையும் வாங்கியது.

இவற்றின் குறையும் பிறப்பிலேயே இருந்தது. வி.சி. 10 பி.ஓ.ஏ.சி.யின் பேரரசு வழித்தடங்களுக்கென்றும், ட்ரைடென்ட் பி.ஈ.ஏ.யின் ஐரோப்பியத் தேவைக்கென்றும் வெட்டித் தைத்த சட்டைகள். பிறருக்குப் பொருந்தவில்லை. வி.சி. 10 மொத்தம் 54, ட்ரைடென்ட் 117. போட்டியாளரான போயிங் 727 ஆயிரத்து எண்ணூறைத் தாண்டியது.

இக்கதையில் நம்மவர் எங்கே? கொமெட் முதன்முதலாக வானேறியது 1949 இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரஜாவுரிமைச் சட்டம், கண்டி, மாத்தளை, நுவரெலியாத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரை நாடற்றவராக்கியது. நாடில்லாதவருக்குக் கடவுச்சீட்டு ஏது? வி.சி. 10 சேவைக்கு வந்த 1964 இலேயே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவர்கள் ஜெட்டில் செல்லவில்லை. மலைநாட்டிலிருந்து கோச்சியேறித் தலைமன்னார் சென்று, இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தனர். ஜெட் விமானங்கள் வந்துபோன தேசத்தில், அத்தேசத்துக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த கைகளுக்குக் கோச்சியும் கப்பலுமே மிஞ்சின.

எயார் சிலோன் 1970களின் இறுதியில் மறைந்து, 1979 இல் எயார் லங்கா பிறந்தது. எஞ்சிய நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. பிரித்தானிய விமானப்படையின் கடைசி வி.சி. 10 ஓய்வுபெற்றது 2013 இல். ஜெட் யுக வரலாற்றை எழுதுவோர் விமானங்களின் ஆண்டுகளை மட்டும் குறிப்பர். கண்டிச் சீமையிலிருந்து எழுதும்போது அந்தக் கோச்சிகளின் ஆண்டுகளையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கிறது.